கடைக்குப் போய்ட்டு வா, கண்ணு!

உங்கள் வீட்டு ஏழு வயதுப் பிள்ளையிடம் ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்து, "தெருமுனைக் கடையில அரை கிலோ தக்காளி வாங்கிட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிட்டு வா" என்று ஒரு தடவையாவது அனுப்பியிருக்கிறீர்களா?

'என்ன டாக்டர், வைத்தியம் சொல்வீங்கன்னு பக்கத்தைப் புரட்டினா, கணக்கு வாத்தியார் மாதிரி ஆரம்பிக்கிறீங்களே?' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

"புள்ளை சரியாவே சாப்பிட மாட்டேங்குது டாக்டர்... சோத்தைக் கண்டாலே ஓடுது" என்று தினமும் யாராவது ஒரு தாய் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன். வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன். பூச்சித் தொல்லை உண்டா, மலம் ஒழுங்காகப் போகிறதா என்று விசாரிப்பேன். எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு கேள்வி: "தினமும் கையில எவ்வளவு காசு கொடுக்கறீங்க?"

அம்மாவின் முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு வரும். "பத்து ரூபாதான் டாக்டர். ஸ்கூல் விட்டு வந்த உடனே கேப்பான். கொடுக்கலைன்னா வீட்டை ரெண்டாக்கிடுவான்."

அந்தப் பத்து ரூபாய் நாலரை மணிக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டாக மாறுகிறது. உப்பும் எண்ணெயும் மாவும் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ராத்திரி ஏழரை மணிக்குத் தட்டு வைத்தால் பசி எங்கிருந்து வரும்? நானும் மந்தத்துக்கு ஓமம், சுக்கு என்று எழுதிக் கொடுக்கலாம்தான். நாலரை மணிப் பாக்கெட் நிற்காதவரை என் மருந்து பாவம், அது என்ன செய்யும்!

"அப்ப காசு கொடுக்கறதையே நிறுத்திடறோம்" என்று சில அப்பாக்கள் உடனே வீறாப்பாகச் சொல்வதுண்டு. வேண்டாம் ஐயா. காசே தொடாமல் வளர்கிற பிள்ளை, பத்தாம் வகுப்பு முடித்து ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதத்திலேயே மொத்தத்தையும் தொலைத்துவிட்டு நிற்கும். காசைக் கொடுங்கள். அதை என்ன செய்வது என்பதையும் கூடவே இருந்து சொல்லிக்கொடுங்கள்.

வாயில் போடும் வயசு

முதலில் ஒரு எச்சரிக்கை. மூன்று, மூன்றரை வயது வரை குழந்தை கையில் நாணயமே கொடுக்காதீர்கள். கையில் கிடைத்தது எல்லாம் வாய்க்குப் போகிற வயசு அது. தாத்தா ஆசையாகக் கொடுத்த ஒரு ரூபாயைத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டு வரும் குழந்தைகளை எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கலாம்.

காசை விழுங்கிவிட்டால் நம் வீடுகளில் உடனே ஒரு வைத்தியம் நடக்கும். வாழைப்பழத்தைத் திணிப்பார்கள், சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொல்வார்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவார்கள். இவை எதையும் செய்யாதீர்கள். எச்சில் ஒழுகுகிறதா, விழுங்க முடியவில்லையா, மூச்சுத் திணறுகிறதா, ஒன்றுமே இல்லாமல் விளையாடிக்கொண்டிருக்கிறதா, எதுவானாலும் நேராக ஆஸ்பத்திரிக்கு. எக்ஸ்ரே எடுத்து, காசு உணவுக்குழாயில் நிற்கிறதா, இரைப்பைக்கு இறங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். இறங்கியிருந்தால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். ஆனால், அதை முடிவு செய்யவேண்டியவர் அங்கிருக்கும் மருத்துவர். இதில் கஷாயத்துக்கோ சூரணத்துக்கோ வேலை இல்லை. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்.

இன்னொன்று: பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்டமான பொத்தான் பேட்டரியும் பார்வைக்குக் காசு மாதிரியேதான் இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் ஓரிரண்டு மணி நேரத்திலேயே திசுவைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். 'காசாத்தான் இருக்கும்' என்று வீட்டிலேயே காத்திருப்பது ஆபத்து.

எண்ணிக்கையா, மதிப்பா?

நாலரை, ஐந்து வயதில் பாடத்தை ஆரம்பிக்கலாம். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பக்கம் ஐந்து ஒற்றை ரூபாய் நாணயங்களை வையுங்கள். இன்னொரு பக்கம் ஒரே ஒரு பத்து ரூபாய். "எது வேணும்?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் ஐந்து நாணயத்தையும் அள்ளிக்கொண்டு ஓடும். "இதுதான் நிறைய இருக்கு!"

உடனே "மக்கு!" என்று குட்டிவிடாதீர்கள். அந்த வயசு மூளைக்குக் கண்ணில் தெரிகிற எண்ணிக்கையும் பரப்பும்தான் 'நிறைய'. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இதைத்தான் வருடக்கணக்கில் குழந்தைகளோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். ஒரே அளவுத் தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றினால் 'கூடிப்போச்சு' என்று சொல்லும் பருவம் அது. ஆறு, ஏழு வயதில் அது தானாக மாறும். நீங்கள் செய்யவேண்டியது, மாறுவதற்கு வேண்டிய பழக்கத்தைக் கொடுப்பது மட்டும்தான்.

நான் படித்த காலத்தில் காசே ஒரு பாடம். ஐந்து பைசா சதுரம், மூன்று பைசா ஆறு மூலை, பத்து பைசாவுக்குப் பூ மாதிரி விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டு டவுசர் பையில் கையை விட்டே கணக்குச் சொல்லிவிடுவோம். அவையெல்லாம் போய்விட்டன. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாக்காசாகிவிட்டன. இன்றைக்கு ஒன்று, இரண்டு, ஐந்து எல்லாமே வட்டம். பெரியவர்களே ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு விழிக்கிறோம். பரவாயில்லை. பத்து ரூபாய் நாணயத்தில் உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம். "இதுல எத்தனை மூலைன்னு தடவிப் பார்த்துச் சொல்லு" என்று விளையாட்டாகவே ஆரம்பிக்கலாம்.

தாள்களுக்கு நிறமும் படமும் உதவும். இப்போதைய வரிசையில் ஐம்பது நீலம், பின்பக்கம் ஹம்பியின் கல் தேர். நூறு லாவண்டர் நிறம். இருநூறு பளிச்சென்ற மஞ்சள், அதில் சாஞ்சி ஸ்தூபி. ஐந்நூறில் செங்கோட்டை. தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்ட பிள்ளை என்றால் பின்பக்கம் பதினைந்து மொழிகளில் அச்சிட்டிருப்பதைக் காட்டி, தமிழ் வரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கீழிருந்து மூன்றாவது வரி. கண்டுபிடித்ததும் அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பாருங்கள்!

பிறகு வீட்டிலேயே ஒரு கடை. பிளாஸ்டிக் பொம்மைக் காசு வேண்டாம், நிஜக் காசே வையுங்கள். உங்கள் அஞ்சறைப் பெட்டிதான் சரக்கு. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம். பாட்டிதான் வாடிக்கையாளர். 'வெந்தயம் என்ன விலைப்பா? கொஞ்சம் குறைச்சுக் கொடேன்' என்று பேரம் பேசுவதில் பாட்டிகளை மிஞ்ச ஆள் கிடையாது.

கடைக்காரர் போடும் கணக்கு

பள்ளிக்கூடத்தில் ஐம்பதிலிருந்து முப்பத்தாறைக் கழிக்கச் சொன்னால், பக்கத்து வீட்டில் கடன் வாங்கி, பத்தைச் சேர்த்து, ஒன்றைக் குறைத்து... பாவம், பிள்ளை வியர்த்துவிடும். மளிகைக் கடை அண்ணாச்சி அப்படியா செய்கிறார்? கவனித்திருக்கிறீர்களா?

முப்பத்தாறு ரூபாய் சாமானைக் கையில் கொடுத்து, "முப்பத்தாறு..." என்பார். ஒரு இரண்டு ரூபாயை வைத்து "முப்பத்தெட்டு", இன்னொரு இரண்டு ரூபாயை வைத்து "நாப்பது", ஒரு பத்தை வைத்து "அம்பது. சரியாம்மா?" என்று முடித்துவிடுவார். கழித்தலே கிடையாது, எல்லாம் கூட்டல்தான். வாங்கிய விலையிலிருந்து கொடுத்த தாள் வரை படியேறிப் போவது. இதைப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டால் ஏழு வயதில் மீதியைச் சரிபார்க்க முடியும். இரண்டாம் வகுப்பு கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகூட கடைக்கணக்கில் தடுமாறுவதில்லை.

அனுப்புவதிலும் ஒரு வரிசை இருக்கட்டும். முதல் சில நாள் நீங்கள் கூடவே போங்கள், ஆனால் பேசாதீர்கள். கேட்பதும் கொடுப்பதும் பிள்ளையாக இருக்கட்டும். பின்னால் நாலு பேர் 'உச்' கொட்டினாலும் கண்டுகொள்ளாதீர்கள். அதற்காகத்தான் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போவது. காலை பத்தரை, மதியம் மூன்று மணி மாதிரி. முதலில் ஒரே ஒரு சாமான், சரியான சில்லறை. அது பழகியதும் மீதி வருகிற மாதிரி தாள். அப்புறம் இரண்டு சாமான். எட்டு வயதில் எழுதிய சீட்டோடு, "இதெல்லாம் வாங்கணும், நூறு ரூபாய்க்கு மேல போகக்கூடாது, மிஞ்சினா எது வேண்டாம்னு நீயே முடிவு பண்ணு" என்று சொல்லலாம். அந்த 'நீயே' முக்கியம்.

தனியாக அனுப்புவது அவரவர் தெருவைப் பொறுத்தது. பெரிய ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் அந்தக் கடை வேண்டாம். தெரிந்த கடைக்காரர், பார்வையில் படுகிற தூரம், வெளிச்சம் இருக்கிற நேரம். காசைத் தெருவில் வைத்து எண்ணக்கூடாது, கல்லா முன்னாலேயே எண்ண வேண்டும். முன்பின் தெரியாதவர் 'நான் வாங்கித் தரேன்' என்றால் திரும்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இவ்வளவையும் அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊரில் உழவர் சந்தை இருக்கிறதா? 1999-ல் மதுரையில் ஆரம்பித்து ஊர் ஊராகப் பரவியது. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வகுப்பறையை நான் பார்த்ததில்லை. "கத்தரிக்காய் கிலோ என்ன போட்டிருக்கு பாரு... அப்ப கால் கிலோ எவ்வளவு?" பலகையைப் படிக்கும், தராசைப் பார்க்கும், காயைத் தொட்டு முற்றலா பிஞ்சா என்று பார்க்கும். தானே பொறுக்கி வாங்கிவந்த கத்தரிக்காயைச் சாப்பிடவும் செய்யும். இது என் அனுபவ வைத்தியம், நம்பிச் செய்யலாம்.

சில்லறைக்குப் பதில் மிட்டாய்

"ரெண்டு ரூபா சில்லறை இல்ல தம்பி" என்று இரண்டு மிட்டாயைக் கையில் வைத்து அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளைக்குச் சந்தோஷம்தான். ஆனால் கேட்காத பொருளுக்குக் காசு போயிற்று, பல்லுக்கும் கேடு. "சில்லறையே கொடுங்க அண்ணாச்சி, இல்லன்னா அடுத்த தடவை கழிச்சுக்கறேன்" என்று மரியாதையாகச் சொல்லப் பழக்குங்கள். பத்து ரூபாய் நாணயத்தைச் சில கடைகளில் வாங்க மறுப்பார்கள். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்துவிட்டது. பெரியவர்களோடு மல்லுக்கட்டுவது பிள்ளையின் வேலை இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் போதும், நீங்கள் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

இப்போது பெரிய சிக்கலே வேறு. காசே கண்ணில் படுவதில்லை! அம்மா போனைக் காட்டுகிறார், கடைக்காரர் பெட்டி 'பணம் வந்தது' என்று கத்துகிறது, பொருள் கைக்கு வருகிறது. என் அறையில் ஒரு ஐந்து வயதுக்காரன், அம்மா 'காசு இல்லடா' என்றதும், "ஸ்கேன் பண்ணும்மா, வரும்" என்றான். அவனுக்குப் போன் ஒரு வற்றாத கிணறு. போன் வழியே கொடுப்பது தப்பில்லை, எனக்கும் அது வசதிதான். ஆனால் பிள்ளை கூட இருக்கும்போது வாரத்துக்கு நாலு தடவையாவது கைக்காசாகக் கொடுங்கள். ஐந்நூறு உடைந்து, நூறாகி, பத்தாகித் தேய்வதை அது பார்க்க வேண்டும். போனில் கொடுத்தால், கொடுப்பதற்கு முன் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று காட்டுங்கள். பின் நம்பரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள்.

பத்து ரூபாய்க்கு எத்தனை கிராம்?

இனி அந்த நாலரை மணிப் பாக்கெட்டுக்கு வருவோம். 'அது கெடுதல், வாங்காதே' என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது, கேட்கவில்லை. கணக்கைப் போடச் சொல்லுங்கள். பாக்கெட்டின் பின்னால் நிகர எடை போட்டிருக்கும். 25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்க்கு 25 கிராம் என்றால் நூறு கிராம் நாற்பது ரூபாய், கிலோ நானூறு ரூபாய்! கையோடு காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போய் உருளைக்கிழங்கு கிலோ என்ன விலை என்று அதன் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "நம்மள ஏமாத்துறாங்கம்மா!" என்று கொதித்துப்போனதாக அவன் தாய் சொல்லிச் சிரித்தார். அப்புறமும் வாங்கினானாம், வாரத்துக்கு ஒரு தடவை. அது போதும் எனக்கு.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் மற்றதும் வரும். காலாவதி தேதி, அதிகபட்ச விலை. சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். முதல் பெயரே சர்க்கரை என்றால், படத்தில் எத்தனை மாம்பழம் தொங்கினாலும் அது சர்க்கரைத் தண்ணீர்தான். கண்ணைப் பறிக்கும் நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயப்பொருள் கலந்திருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது நினைவிருக்கும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று 2020-ல் விதியே வந்தது. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் என்ன விற்கிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பாருங்களேன்.

அதே காசுக்கு வேறு என்ன கிடைக்கும்? கடலை மிட்டாய், பொரிகடலை, ஒரு வாழைப்பழம், ஒரு கொய்யா. முடிந்தால் நாட்டு மருந்துக் கடைக்கும் ஒருமுறை அனுப்புங்கள். சுக்கு ஐம்பது கிராம், ஓமம் ஐம்பது கிராம், அதிமதுரம் இருபத்தைந்து கிராம். வாசனை பார்க்கும், பெயர் கேட்கும். எங்கள் சுவடிகளில் மருந்தின் எடையே காசுக் கணக்கில்தான் இருக்கும் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. பணவெடை, வராகன் எடை எல்லாம் நாணயத்தின் பெயர்கள்தான். வராகன் எடை இன்றைய கணக்கில் 4.2 கிராம். பலம் என்பது 35 கிராம், பழைய வெள்ளி ரூபாய் மூன்றின் எடை. ஒரு காலத்தில் தராசின் ஒரு தட்டில் காசு, மறு தட்டில் மருந்து!

ஒரு சிறுமியின் வயிற்று வலி

ஒன்பது வயதுப் பெண் குழந்தை. சாயங்காலமானால் வயிற்று வலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். எதிலும் குறை இல்லை. பூச்சி இல்லை, மலச்சிக்கல் இல்லை. லீவு நாளில் மட்டும் காலையிலேயே வலிக்கிறது என்றார்கள். எனக்குப் பொறி தட்டியது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "வலி வர்றதுக்கு முன்னாடி யார் என்ன சொல்வாங்க பாப்பா?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கடைக்குப் போன்னு சொல்வாங்க" என்றது.

சில மாதங்களுக்கு முன் நூறு ரூபாயோடு கடைக்குப் போயிருக்கிறது. வரும் வழியில் மீதி நாற்பது ரூபாய் எங்கோ விழுந்துவிட்டது. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அப்பா, "தின்னுட்டு வந்து பொய் சொல்றியா?" என்று கேட்டுவிட்டார். அடிக்கக்கூட இல்லை. அந்த ஒரு கேள்விதான்.

அப்பாவைத் தனியாக வரவழைத்துப் பேசினேன். நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டது. "நாப்பது ரூபாய்க்கா டாக்டர் இவ்வளவு செலவு பண்ணினேன்?" என்றார். அன்று ராத்திரியே மகளிடம், "நீ தொலைச்சதுதான் நிஜம், நான் சொன்னதுதான் தப்பு" என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே கடைக்கு அனுப்பவேண்டாம் என்றேன். பாட்டியோடு பூ வாங்கப் போகட்டும், காசு அதன் கையில் இருக்கட்டும் என்றேன். வயிற்றுக்கு நான் கொடுத்தது வெறும் சீரகத் தண்ணீர். மூன்று வாரத்தில் வலி நின்றது.

பிள்ளை ஐந்து, பத்து தொலைத்தால் அதைப் பாடம் படித்த பீஸ் என்று எழுதிவிடுங்கள். எங்கே நின்றாய், எந்தப் பையில் வைத்தாய் என்று சேர்ந்து யோசியுங்கள். ஒரு சின்ன ஜிப் பர்ஸ் வாங்கிக் கொடுங்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து கேட்காமலே எடுத்திருந்தாலும் 'திருடன்' என்ற சொல் மட்டும் வாயில் வரவேண்டாம். எதற்கு எடுத்தது, ஏன் கேட்கப் பயந்தது என்று விசாரியுங்கள். எடுத்ததைத் தன் உண்டியலிலிருந்து அதுவே திருப்பி வைக்கட்டும்.

லஞ்சம் வேண்டாமே!

என் அறையிலேயே நடக்கும் கூத்து இது. "கஷாயத்தைக் குடிச்சா இருபது ரூபா தரேன்!" முதல் நாள் இருபது. மூன்றாம் நாள் பிள்ளை ஐம்பதுக்கு நிற்கும். சாப்பிட்டால் காசு, பல் தேய்த்தால் காசு, ஊசிக்கு அழாமலிருந்தால் காசு... தன் உடம்புக்குச் செய்துகொள்வதையெல்லாம் அது உங்களுக்குச் செய்கிற உபகாரமாக நினைத்துக்கொள்ளும். கசப்பு பிடிக்கவில்லையா, தேனில் குழைத்துத் தர என்னிடம் வழி இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது.

வாரத்துக்கு ஒரு தொகை என்று நிர்ணயித்து, அதே கிழமையில், கேட்காமலே கொடுப்பதுதான் நல்லது. எவ்வளவு என்பது உங்கள் சம்பளத்தைப் பொறுத்தது, பக்கத்து வீட்டைப் பொறுத்தது இல்லை. செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிட்டதா? அடுத்த வாரம் வரை பொறுக்கட்டும். அழும். நீங்கள் இளகிவிடுவதற்குள் பாட்டி இளகி, முந்தானையிலிருந்து பத்து ரூபாயை அவிழ்த்துவிடுவார். பாட்டியிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்!

பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் உறவுக்காரர்கள் கொடுக்கிற காசை 'நான் வச்சிருக்கேன்' என்று வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறோம். பிள்ளைகள் மறப்பதில்லை. அதன் பெயரிலேயே வங்கியில் போடுங்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்த 2014-லேயே ரிசர்வ் வங்கி வழி செய்தது. வரம்புகளை அந்தந்த வங்கி சொல்லும். செலானைப் பிள்ளையே நிரப்பட்டும்.

கடைசியாக ஒரு வைத்திய விஷயம். தாளும் காசும் நூறு கை மாறி வருபவை. எச்சில் தொட்டுத் தாளை எண்ணுவதைப் பெரியவர்கள் முதலில் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொள்கின்றன. கடையிலிருந்து வந்ததும் மீதியை எண்ணி உங்கள் கையில் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வாங்கிவந்த கடலை மிட்டாயைப் பிரிப்பது அதற்கப்புறம்.